ஐந்து சொல்லுக்கு மேல்

நம்முடைய போன் குரூப்பில் போன கிழமை ஒருத்தி கேட்டிருந்தாள்: "இந்தக் காலத்திலயும் கையால எழுதி நத்தார் கார்ட் போடுறியே, உனக்கு வேற வேலை இல்லயா?" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள் போட்டிருந்தீர்கள். ஒருத்தி மட்டும் என் கார்ட்டை பிரிஜ் கதவில் ஒட்டி வைத்திருப்பதாகச் சொன்னாள். அவள் நல்லாயிருக்க வேண்டும். மற்றவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். வாசிக்கப் பஞ்சியாக இருந்தால் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பியுங்கள்.

நாம் ஒரே வயதுக்காரிகள். மூடாத உறை உங்களுக்கு நினைவிருக்கும். கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையை உறைக்குள் வைத்து, வாயை ஒட்டாமல் உள்ளே மடித்துச் செருகி விட்டால் முத்திரை குறைவு. ஆனால் கையால் எழுதுவது ஐந்து சொல்லைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது கடிதம். தபால்காரர் போய் நின்று, வாங்குகிறவரிடம் தண்டம் கேட்பார். எழுதினவருக்கு ஒன்றுமில்லை, பாவம் வாங்குகிறவர்தான் வாசலில் நின்று சில்லறை தேட வேண்டும். இதைவிட ஒரு மரியாதைக் கேடு உலகத்தில் இல்லை என்பது என் அப்பாவின் எண்ணம்.

நாங்கள் அப்போது கொட்டாஞ்சேனையில், ஒரு கொப்பி பென்சில் கடைக்கு மேல்மாடியில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. அப்பா துறைமுகத்தில் கிளாக்கர். நத்தார் கார்ட் விஷயத்தில் அவரைப் போல ஒழுங்கானவரை நான் பிறகு காணவில்லை. யாருக்குப் போட்டது, யாரிடமிருந்து வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். வந்த கார்ட்டுக்குப் பதில் போடாதவனை அவர் மனுசனாகவே மதிப்பதில்லை. ஆனால் அவருடைய கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதனால் எனக்கு எட்டு வயதானதிலிருந்து எழுதுகிற வேலை என்னுடையது. அவர் சொல்லச் சொல்ல எழுதுவேன். எழுதி முடித்ததும் ஒவ்வொன்றாக விரல் விட்டுச் சொல் எண்ணிப் பார்ப்பார். பெயர் கணக்கில் சேராது என்பது அவருடைய தீர்ப்பு.

கார்ட்கள் கீழே கடைக்கார நானாவிடம் வாங்குவது. "இந்த முறையும் ஐஸ் கொட்டுற படம்தான் மகள் வந்திருக்கு, நான் என்ன செய்ய?" என்று அவர் மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொல்வார். ஒரே படம் ஒரு டசின். பனி மூடிய கூரை, புகைபோக்கி, சிவந்த நெஞ்சுள்ள ஒரு குருவி. வேர்த்த கையால் அதைத் தொட்டால் பனியில் விரல் அடையாளம் விழும்.

இனி மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் ஒரே தங்கச்சி. எங்களோடுதான் இருந்தார். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் டைப்பிஸ்ட். அந்த வருசம் ஐப்பசியில், மருதானை ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் மாமியும் அதே கம்பனியில் வேலை செய்த ஒருவரும் இருந்து கதைத்துக்கொண்டிருந்ததை யாரோ கண்டு அப்பாவிடம் சொல்லி விட்டார்கள். மாமியோடு இருந்தவர் பக்கத்துக் கடற்கரையூர் ஹெந்தளைக்காரர். வேதக்காரர்தான், எங்களைப் போலக் கத்தோலிக்கப் பூசைக்குப் போகிறவர்தான். ஆனால் மீன்பிடிக்கிற குடும்பம், வீட்டில் பேசுவது சிங்களம். அப்பாவுக்கு இரண்டும் தொண்டையில் இறங்கவில்லை.

மாமியை வேலையால் நிற்பாட்டினார். இயேசுவின் திருஇருதயப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, "என் கையால் அவருக்கு ஒரு எழுத்தும் எழுத மாட்டேன்" என்று சத்தியம் வாங்கினார். மாடிப்படிக்குக் கீழே ஓர் இரும்புக் கேற் இருந்தது. முன்பெல்லாம் இரவில் மட்டும் பூட்டுவது. பிறகு பகலிலும் பூட்டுத் தொங்கியது. அடைத்து வைத்தார்கள் என்று சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும். "ஆர் அடைச்சது? வீட்டில இருக்கச் சொன்னது, அவ்வளவுதான்" என்பார்.

மார்கழி தொடங்கி நாலைந்து நாளில் எனக்குக் கூகைக்கட்டு வந்தது. இரண்டு கன்னமும் வீங்கி, கண்ணாடியில் என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அம்மா தம்பியை வயிற்றில் வைத்திருந்தார், அவருக்கு அந்த வருத்தம் முன்பு வந்ததில்லை. மாமிக்குச் சின்ன வயதில் வந்து போயிருந்தது. ஆகவே என்னையும் மாமியையும் முன்னறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தி விட்டார்கள். அம்மா தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி, வீக்கம் வற்றட்டும் என்று மாமியிடம் கொடுத்து என் கழுத்தில் போடச் சொன்னார். சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்து விட்டுத் தட்டுவார்.

அந்த அறையில் இருந்தது இவ்வளவுதான். ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் அந்தத் திருஇருதயப் படம், தெருப்பக்கம் ஒரு யன்னல். யன்னலால் பார்த்தால் கோயில் கோபுரத்தில் பாதியும், எதிர்வீட்டுக் கூரைக்கு மேலால் துறைமுகப் பாரந்தூக்கியின் மூக்கும் தெரியும். பின்னேரங்களில் கப்பல் ஊதுகிற சத்தம் கேட்கும். குசினியில் அம்மா நத்தார் கேக்குக்கு ரவை வறுக்கிற வாசம் கதவின் கீழால் வரும். எனக்குத் தண்ணீர் விழுங்கவே உயிர் போய் வந்தது. அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு, தேத்தண்ணியில் ஊறின பாண் துண்டைத் தின்றுகொண்டு நான் அழுவேன்.

மாமி அழவில்லை. கட்டில் விளிம்பில் இருந்து, மேசை மேல் பத்து விரலாலும் தட்டிக்கொண்டிருப்பார். டைப் அடிக்கிற மாதிரியே, வரி முடிந்ததும் இடக்கையை ஒரு தள்ளுத் தள்ளுவார்.

"என்ன மாமி அடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்ல மகள். சும்மா இருந்தா கை மறந்திடும்."

நாள் முழுக்க அந்தச் சத்தம். சில நேரம் எரிச்சல் வந்து தலையணையால் காதை மூடுவேன். ஆனால் சத்தம் நின்றால் பயம் வரும், மாமி எங்கே என்று திரும்பிப் பார்ப்பேன். போவதற்கு இடமில்லாத அறையில் அப்படிப் பயப்பட்டேன் பாருங்கள்.

கூகைக்கட்டு வந்தாலும் கார்ட் எழுதுகிற வேலை நிற்கவில்லை. "வருத்தம் கார்ட்டில ஒட்டிக்கொண்டு போகாதோ?" என்று அம்மா கேட்டதற்கு, எழுதினவற்றை யன்னல் படியில் வெயிலில் பரப்பி வைத்தால் சரி என்று அப்பா வழி சொன்னார். கதவுக்கு அந்தப் பக்கம் கதிரை போட்டிருந்து, பெயர்ப்பட்டியலை உரத்து வாசிப்பார். நான் இந்தப் பக்கம் எழுதுவேன். மாமி மையொற்றித் தாளை வைத்து அழுத்தித் தருவார்.

ஒரு சனிக்கிழமை தபால்காரர் கீழே மணி அடித்து, "கார்ட் நோனா!" என்று அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா கேற் இடுக்கால் வாங்கி வந்தார். அப்பா ஹோலில் ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தார். ஒன்றில் நின்று விட்டார். பிறகு, "ஹெந்தளையிலிருந்து" என்றார். அம்மா அகப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"பயப்பிடாத. குடும்பத்துக்கெண்டுதான் போட்டிருக்கிறான், மரியாதையா. இதைக் கேள்: உங்கள் எல்லோருக்கும் நத்தார் நல்வாழ்த்துக்கள் உண்டாகட்டும். அஞ்சு சொல், சரியா இருக்கு. ஆனா முடிவில கேள்விக்குறி போட்டிருக்கிறான்!" அப்பா சிரித்தார். "வாழ்த்துச் சொல்றானா, வாழ்த்தட்டோ எண்டு கேக்கிறானா? சிங்களப் பள்ளிக்கூடத்தில படிச்சவன். முற்றுப்புள்ளிக்கும் கேள்விக்குறிக்கும் வித்தியாசம் தெரியாது."

அம்மாவும் சிரித்தார். எனக்குச் சிரித்தால் கன்னம் வலிக்கும், ஆனாலும் சிரித்தேன். மாமியின் விரல்கள் நின்று விட்டன.

பதில் போட வேண்டுமா என்று அம்மா கேட்டார். "போடத்தானே வேணும். போடாம விட்டா நாங்கள் ஏதோ மனசில வச்சிருக்கிறம் எண்டு நினைப்பான். பிள்ளை, எழுது" என்று அப்பா கதவுப் பக்கம் குரல் கொடுத்தார். எழுதினேன்: தங்களுக்கும் குடும்பத்தினருக்கும் நத்தார் புதுவருட வாழ்த்துக்கள். கீழே அப்பாவின் பெயரும் குடும்பத்தினரும். கதவைக் கொஞ்சம் திறந்து கொடுத்தேன். அப்பா எண்ணிப் பார்த்து, உறைக்குள் வைத்து, மற்றவற்றோடு பிஸ்கட் டின்னில் போட்டுத் திருப்பித் தந்தார். திங்கள் காலை வேலைக்குப் போகும்போது தபாலில் போடுவார்.

மறுநாள் ஞாயிறு பின்னேரம் எல்லோரும் கோயிலுக்குப் போய் விட்டார்கள். கீழே பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. மாமி பிஸ்கட் டின்னைத் திறந்து, ஹெந்தளைக் கார்ட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"மகள், இதில ஒரேயொரு சொல் எழுதோணும். கீழ, சின்னதா. ஓம் எண்டு."

"ஏன் மாமி?"

"அவர் அந்தத் தேத்தண்ணிக் கடையில ஒரு கேள்வி கேட்டவர். தையில திருகோணமலைத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போறார். நானும் வாறனோ எண்டு கேட்டவர். ஒரு சொல் காணும் எண்டவர். கார்ட்டில போட்ட கேள்விக்குறி அதுதான், ஓம் எண்டா வாறன்."

"நீங்களே எழுதுங்களேன்."

"என்ர கையால எழுத மாட்டன் எண்டு சத்தியம் பண்ணிட்டன். உன்ர கையால எண்டு ஆரும் சத்தியம் வாங்கேல்ல." அப்படிச் சொல்லும்போது மாமியின் முகத்தில் அந்த மாதங்களில் முதல் தடவையாக ஒரு குறும்பைக் கண்டேன்.

எழுதினேன். ஓம். அவ்வளவு அழகாக நான் அந்தச் சொல்லை அதற்கு முன்போ பின்போ எழுதியதில்லை. மாமி என் தலையில் கை வைத்து விட்டு, எனக்கு வெந்நீர் ஒத்தடத்துக்குத் தண்ணீர் சுடவைக்கக் குசினிக்குப் போனார். வீட்டில் யாருமில்லாதபடியால் அன்று கதவு திறந்திருந்தது.

நான் விரல் விட்டு எண்ணினேன். ஆறு.

திரும்ப எண்ணினேன், ஆறுதான். ஹெந்தளையில் ஒரு வாசலில் தபால்காரர் நின்று, "தண்டம் கட்டுங்கள்" என்று கேட்பதும், அந்த மனுசன் சில்லறைக்கு வீட்டுக்குள் ஓடுவதும், எல்லோரும் எங்கள் அப்பாவைப் பற்றிப் பேசுவதும் என் கண்ணில் வந்தது. டின்னில் மிச்சக் கார்ட் இருந்தது. அதே கூரை, அதே குருவி. அவசரமாக ஒன்று எடுத்து, ஐந்து சொல்லோடு திரும்ப எழுதி, மை ஒற்றி, உறைக்குள் செருகினேன். ஓம் எழுதின கார்ட்டைத் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் தள்ளினேன். மாமி வந்தபோது படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

தண்டத்துக்குப் பயந்துதான் அப்படிச் செய்தேன் என்று நீண்ட காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. பத்து வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு சொல் போய்ச் சேர்ந்தால் மாமி போய் விடுவார், நான் அந்த அறைக்குள் தனியே இருக்க வேண்டும். இது எனக்கு நன்றாக விளங்கியிருந்தது.

நத்தார் வந்து போனது. என் கன்னம் வற்றியது. தை மாதம் முழுக்க, தபால் மணி கேட்டால் மாமி யன்னலுக்குப் போய் நிற்பார். பிறகு போவதை விட்டு விட்டார். மேசையில் தட்டுவதையும் விட்டு விட்டார்.

அடுத்த மார்கழியில் ஹெந்தளைக் கார்ட் திருகோணமலை முத்திரையோடு வந்தது. அதே ஐந்து சொல். முடிவில் முற்றுப்புள்ளி.

"பார், திருந்திட்டான்!" என்று அப்பா சந்தோசமாகச் சொன்னார். அதைச் சொன்ன என் அப்பா கெட்டவர் இல்லை. அந்தக் கார்ட்டை மற்றவற்றோடு ஹோலில் நூல் கட்டித் தொங்க விட்டார், பெருநாள் முடியும்வரை ஒவ்வொரு காலையும் தூசி தட்டினார். எதைத் தூசி தட்டுகிறார் என்று சாகும்வரை அவருக்குத் தெரியாது.

கேற் பூட்டைப் பிறகு எடுத்து விட்டார்கள். மாமி அதற்குப் பிறகும் கோயிலைத் தவிர வேறெங்கும் போகவில்லை. பேசி வந்த மாப்பிள்ளைகள் எல்லோருக்கும் இல்லை என்றார். ஹெந்தளைக் கார்ட் வருசா வருசம் வந்தது. சில வருசத்தில் அவருடைய பெயரோடு ஒரு பெண்ணின் பெயரும் சேர்ந்தது. நான்தான் பதில் எழுதினேன். அப்பா போன பிறகும் எழுதினேன். ஐந்து சொல் சட்டம் எப்போது இல்லாமல் போனதென்று தெரியாது, ஆனால் அப்பா போன வருசமே நான் முழு முத்திரை ஒட்டி, உறையைப் பசை போட்டு மூடி, பக்கம் நிறைய எழுதத் தொடங்கி விட்டேன். உங்களுக்கெல்லாம் நீளமாக எழுதி அறுக்கிறேன் என்று சொல்கிறீர்களே, காரணம் இதுதான். சொல்லை எண்ணி எழுதுவதென்றால் எனக்குப் பேனை ஓடாது.

கொட்டாஞ்சேனை வீட்டை விட்டு வரும்போது, மற்றவர்கள் காண முதல் அந்தப் படத்தை நானே கழற்றினேன். கார்ட் அங்கேயே இருந்தது. கரப்பான் ஒரு மூலையை அரித்திருந்தது, குருவி தப்பியிருந்தது. இத்தனை வருசமும் என் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன்.

இப்போது வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் நானும் மாமியும். என் பிள்ளைகள் வெளிநாட்டில், என் மனுசன் போய் ஆறு வருசம். லிப்ட் கிழமைக்கு ஒருதரம் பழுதாகும். மாமியால் படி இறங்க முடியாது. யன்னலால் கடல் தெரியும் என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது முன்னால் இன்னொரு மாடி எழும்பி, இரண்டு சுவருக்கு நடுவில் ஒரு முழம் கடல் மிச்சமிருக்கிறது.

போன கிழமை ஹெந்தளைக் கார்ட் வந்தது. தெரியாத கையெழுத்து, கீழே அவருடைய மகளின் பெயர். மாமிக்குக் கண் தெளிவில்லாததால் நான் உரத்து வாசித்தேன். "அப்பா ஆவணி மாதம் காலமானார். அம்மா முன்னமே போய் விட்டார். அப்பாவின் அலுமாரியில் உங்கள் வீட்டுக் கார்ட்கள் எல்லாம் வருச ஒழுங்கில் நூலால் கட்டியிருந்தன. முதலாவது ஒரு சின்னப் பிள்ளையின் எழுத்து. உங்கள் யாரையும் எனக்குத் தெரியாது. ஒரு நாள் வந்து பார்க்கலாமா?"

மாமி கடல் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இனித் தாங்க முடியவில்லை. எழுந்து போய், சேலைகளுக்கு அடியிலிருந்து அந்தக் கார்ட்டை எடுத்து அவருடைய மடியில் வைத்தேன். நான்தான் அனுப்பவில்லை, நான்தான் மறைத்தேன், மன்னியுங்கள் என்றேன். அழுதேன். இந்த வயதில் மூக்குச் சிந்தி அழுதேன்.

மாமி கார்ட்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, வளைந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினார்.

"ஆறு. தண்டம் விழுந்திருக்கும்தான்" என்றார்.

"மாமி!"

"எனக்குத் தெரியும் மகள். உறை ஒட்டேல்லத்தானே. அண்ணர் கோயிலால வர முந்தி நான் திறந்து பார்த்தன். ஓம் இல்ல. நீ கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாய். பேனை மேசையில கிடந்தது."

"அப்ப ஏன் நீங்கள் எழுதேல்ல? சத்தியத்தாலயோ?"

"அப்பிடித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டன்." கார்ட்டின் அரித்த மூலையை விரலால் தடவினார். "சத்தியத்தால இல்ல. பயம். திருகோணமலையில எனக்கு ஆரைத் தெரியும்? அவரோட ஒழுங்காக் கதைச்சது மொத்தமா ஏழெட்டுத் தரம். நீ எழுதாம விட்டதைக் கண்டதும் எனக்கு நிம்மதியா இருந்தது. அந்தப் பின்னேரம் மட்டும்தான். பிறகு இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், கையில் கிடைத்ததை எறிய வேண்டும் போலிருந்தது. "இத்தனை வருசம் ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீ ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

பூட்டை எடுத்து எத்தனையோ வருசமான பிறகும் இரண்டு பேரும் அந்த முன்னறைக்குள்ளேயே இருந்திருக்கிறோம், ஒருத்திக்கு ஒருத்தி காவல். நான் எழுந்து முகம் கழுவி விட்டு வந்தேன். மாமி ஓம் கார்ட்டைத் தன் செபப் புத்தகத்துக்குள் வைத்து மூடியிருந்தார். மேசையில் என் புதுக் கார்ட் கட்டு இருந்தது.

"அந்தப் பிள்ளைக்குப் பதில் போடோணும்" என்றார்.

"நான் எழுதுறன். சொல்லுங்கோ."

"பேனையை இங்க தா. சத்தியம் அவருக்குத்தான். மகளுக்கில்ல."

எழுத அவருக்குக் கன நேரம் பிடித்தது. பேனை விரலில் நிற்கவில்லை, இரண்டு தரம் விழுந்தது, நான் பொறுக்கிக் கொடுத்தேன். பிறகு கார்ட்டை என்னிடம் தள்ளினார். வெள்ளைப் பக்கத்தின் நடுவில், ஓகாரம் கோணி, மெய்யின் புள்ளி எங்கோ தள்ளி விழுந்து, ஓம் என்று இருந்தது.

"வேற ஒண்டும் எழுதேல்லயோ மாமி? இப்ப எத்தனை சொல்லும் எழுதலாம்."

"காணும்," என்றார். "உறையை ஒட்டு. திரும்பத் திறந்து பார்க்கேலாத மாதிரி ஒட்டு."

ஒட்டினேன். அன்று லிப்ட் வேலை செய்யவில்லை. நாலு மாடியும் நடந்து இறங்கிப் போய்த் தபாலில் போட்டேன்.